தோடு முழுசாக இருந்தது

அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிய அந்தப் படம் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. திண்ணையில் ஒரு மஞ்சள் காதுவில்லை, மாட்டின் அடையாள எண்ணுக்காகக் காதில் குத்தும் பிளாஸ்டிக் தோடு. 12 இலக்கமும் கறுப்பில் பளிச்சென்று தெரிகின்றன. முன்பக்க வில்லையும் பின்பக்கக் காம்பும் பூட்டியது பூட்டியபடியே கிடக்கின்றன. இரண்டுக்கும் நடுவே, காம்பைச் சுற்றி, காய்ந்து சுருங்கிய தோல் துணுக்கு ஒன்று சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு மூன்று செம்மயிரும் அதில் உண்டு. படம் வந்தபோது எங்கள் பசு செவலை செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

"வேலியைப் பிரிச்சுக் கட்டுறப்ப கம்பியில மாட்டியிருந்துச்சுப்பா" என்று கூடவே ஒரு குரல்பதிவு. அம்மா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் சிங்கப்பூரில், ஈசூனில் வீட்டு வாசற்படியில் ஒரு காலில் செருப்போடு நின்றபடி படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று மாதமாக எல்லாரிடமும் நான் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருந்தேன்: மட்டமான பிளாஸ்டிக், வெயிலில் வெடித்து விழுந்துவிட்டது, அதனால்தான் எங்களுக்குப் பணம் வரவில்லை. இப்போது அந்த மட்டமான பிளாஸ்டிக் ஒரு கீறல்கூட இல்லாமல் என் முன்னால் கிடந்தது.

செவலையை 2022 தை மாதம் வாங்கினோம். ஜெர்சி கலப்பு, இரண்டாம் ஈத்து, 55,000 ரூபாய். அன்றைய கணக்குக்கு 1,000 வெள்ளியை நெருங்கும். அப்பா போன பிறகு ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். மாடு இல்லாத வீட்டில் காலையில் எழுந்து என்ன செய்வது என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. வாங்கினோம். வாங்கிய கையோடு காதில் வில்லை போட்டு, காப்பீடும் செய்தோம். அந்தப் புரட்டாசியில் ஒரு மழை ராத்திரி கொட்டிலிலேயே பாம்பு தீண்டி மாடு போய்விட்டது. கால்நடை மருத்துவர் வந்தார், பிரேதப் பரிசோதனை ஆயிற்று, சான்று கிடைத்தது. ஆனால் தோட்டைக் கேட்டபோது தோடு இல்லை.

"அது எப்பவோ கழண்டு போச்சு சார். மாடு இங்கதானே நின்னுச்சு" என்று அம்மா சொல்லியிருக்கிறார். தோடு இல்லையென்றால் தொகை இல்லை. விழுந்ததுமே தகவல் சொல்லி மறு தோடு போட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பத்திரத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. அதை யாரும் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. நானும் இங்கிருந்து கேட்கவில்லை. இழப்பீடு கேட்டால் செத்த மாட்டின் தோட்டையே ஒப்படைக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு வில்லையை ஒரு முறைதான் பூட்ட முடியும், வெட்டாமல் கழற்ற முடியாது என்பதால் அதைத்தான் அத்தாட்சியாக நம்புகிறார்கள். எங்கள் மாட்டைச் சுழி, கொம்பு, வால்மயிர் எல்லாம் சொல்லி அம்மா ஆயிரம் மாட்டுக்கு நடுவில் அடையாளம் காட்டுவார். காகிதத்துக்கு அது போதவில்லை.

வெயிலும் ஈரமும்

நான் பிளாஸ்டிக்கைக் குற்றம் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. இங்கே என் வேலை கட்டடப் பராமரிப்பு. மொட்டை மாடிகளில் ஏர்கான் இயந்திரங்களுக்குப் போகும் கேபிள்களைக் கட்டுவதும் மாற்றுவதும் அதில் பாதி. வெள்ளை நைலான் கேபிள் டை போட்டால் சீக்கிரமே மேலே சுண்ணாம்பு பூத்தாற்போல் ஆகி, விரலால் வளைத்தால் டப்பென்று ஒடியும். கறுப்பு டையில் கார்பன் கலந்திருப்பதால் அது வெயிலின் புற ஊதாக் கதிரைத் தான் வாங்கிக்கொண்டு நைலானைக் காப்பாற்றும். ஆகவே மாட்டின் தோடு விழுந்தது என்றதும் என் மனம் நேராக அங்கே போனது. பட்டுக்கோட்டைச் சாலை வெயிலில் ஒரு வருடம்கூடத் தாங்காத சரக்கைக் காதில் குத்திவிட்டார்கள் என்று முடிவுகட்டினேன்.

அடுத்த மாட்டுக்கு உலகத்திலேயே நல்ல தோடாக வாங்கி அனுப்புவது என்று கிளம்பினேன். ராத்திரி ராத்திரியாக ஆஸ்திரேலிய, நியூசிலாந்து விற்பனைப் பட்டியல்களைப் படித்தேன். படித்தது வீண்போகவில்லை. நல்ல தோடு தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேனால் ஆனது, கேபிள் டை மாதிரி நைலான் அல்ல. வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும். ஊரில் போடும் மஞ்சள் வில்லையும் அதே பொருள்தான், எடை 8 கிராம் அளவு. 2019-ல் கோமாரி, புரூசெல்லா என்ற கருச்சிதைவு நோய் இரண்டுக்கும் நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் தொடங்கிய பிறகு, ஊசிக் கணக்குக்கு எண் வேண்டும் என்பதால் பட்டிதொட்டியெல்லாம் மாட்டுக் காதில் மஞ்சள் தெரிய ஆரம்பித்தது.

பாலியூரித்தேனிலும் இரண்டு சாதி உண்டு. எஸ்டர் வகை ஈரத்தில் மெல்ல மெல்ல உதிரும், ஈத்தர் வகை ஈரத்தைத் தாங்கும். இதை விளக்கச் சிங்கப்பூர்வாசிக்குப் பாடம் தேவையில்லை. நல்ல விலை கொடுத்து வாங்கிய காலணியை ஒரு வருடம் அலமாரியில் வைத்துவிட்டு, கல்யாணத்துக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு புறப்பட்டால், லிஃப்ட் வருவதற்குள் அடிப்பாகம் பிட்டுப் பிட்டாக உதிர்ந்து நடைபாதையில் கிடக்கும். இங்குள்ள புழுக்கம் அந்தப் பாலியூரித்தேனைத் தின்றிருக்கும். மாட்டுக் கொட்டிலில் மழை ஈரத்தோடு சாணமும் மூத்திரமும் சேரும். எனவே தோடு வாங்கும் யாரும் வெயிலைப் பற்றிக் கேட்கிற மாதிரியே ஈரத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். எண் எப்படிப் பதிந்திருக்கிறது என்பதும் பெரிய விஷயம். லேசரால் பதித்த எண் பிளாஸ்டிக்கின் உடம்பிலேயே இருக்கும். பேனாவால் எழுதியது வெயிலில் வெளுத்து, வேலியில் உரசி, கடைசியில் வெறும் மஞ்சள் அட்டைதான் தொங்கும்.

மின்னணுத் தோடு வரைக்கும் போனேன். இங்கே பஸ்ஸிலும் ரயிலிலும் தட்டும் நம் ஈஸி-லிங்க் அட்டை மாதிரிதான் அதுவும். உள்ளே மின்கலம் கிடையாது, படிக்கும் கருவியிடமிருந்தே சக்தியை வாங்கிக்கொண்டு எண்ணைச் சொல்லும். அட்டை 13.56 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது, மாட்டுத் தோடு 134.2 கிலோஹெர்ட்ஸில். தாழ்ந்த அலைவரிசை என்றால் சதையும் தண்ணீரும் அவ்வளவாகத் தடுக்காது. ஆஸ்திரேலியாவில் மாடு பண்ணையை விட்டு வெளியே போக அது கட்டாயம். பத்து தோடு வாங்கி அனுப்பிவிடலாம் என்று விலைகூடக் கேட்டுவிட்டேன். ஊரில் ஒரு தம்பியிடம் சொன்னபோதுதான் அவன் நிறுத்தினான். "அண்ணே, நீங்க தங்கத்துல செஞ்சு அனுப்பினாலும் அந்த நம்பர் இங்க கம்ப்யூட்டர்ல இருக்காதே." உண்மைதான். காப்பீட்டுக்கும் தடுப்பூசிக்கும் கணக்கு அந்த 12 இலக்கத்தில். அந்த வில்லையைக் கால்நடைத் துறைதான் கொடுக்கும். சொந்த அடையாளத்துக்கு இன்னொரு காதில் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இவ்வளவும் படித்துவிட்டு, துறை போடும் தோடு மட்டமானது என்ற எண்ணத்தை மட்டும் விடாமல் வைத்திருந்தேன். அப்படி இருக்கும்போதுதான் மார்கழியில் அந்தப் படம் வந்தது.

பழைய படங்களைத் தேடினேன். செவலை உயிரோடிருந்தபோது அம்மா அனுப்பிய ஆவணி மாதத்துப் படம் ஒன்று. கன்று பால் குடிப்பதைக் காட்டத்தான் எடுத்திருக்கிறார். ஓரத்தில் மாட்டின் இடது காது. பெரிதாக்கினால் காதின் நுனிப் பக்கம் கத்தரித்தது போல ஒரு பிளவு, விளிம்பு வரைக்கும் திறந்து, ஓரமெல்லாம் ஆறிப்போய் இருந்தது. அந்தப் படத்தை நான் அப்போதே பார்த்து, "கன்னுக்குட்டி நல்லா இருக்கும்மா" என்று பதில் போட்டிருக்கிறேன். தோடு கழன்று விழவில்லை. கம்பியில் சிக்கியிருக்கிறது, மாடு தலையை வெடுக்கென்று இழுத்திருக்கிறது, பிளாஸ்டிக் தாங்கிவிட்டது, காது தாங்கவில்லை. அந்த வலியை அது யாரிடம் சொல்லும்? நான் பணத்தையும் பிளாஸ்டிக்கையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்த மூன்று மாதத்தில் கிழிந்த காதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கும் அதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

தேக்காவில் ஒரு காது

பொங்கல் வந்தது. வழக்கம்போல் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், மாடுகளைக் கொண்டுவந்து கட்டியிருந்தார்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு ஜனங்கள் நெருக்கியடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பகுதியின் பழைய மலாய்ப் பெயரான கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைக் கொட்டடி. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒரு காலத்தில் மாடுகளே நிறைந்திருந்த அந்த இடத்தில் இப்போது வருடத்துக்குச் சில நாள் மட்டும் சாண வாசனை வரும். எனக்கு அந்த வாசனைக்காகவே போக வேண்டும்.

அந்த வருடம் நான் காதுகளை மட்டுமே பார்த்தேன். ஒரு பசுவின் காதில் மஞ்சள் தோடு, ஓரம் லேசாகத் தேய்ந்திருந்தது, ரொம்ப நாள் ஆனது என்று பார்த்தாலே தெரிந்தது. துளை மட்டும் சுத்தமாக, வட்டமாக, கம்மல் போட்ட காது மாதிரி இருந்தது. மாட்டோடு நின்றவர் சிவகங்கைப் பக்கம், என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். கூட்டம் குறைகிற வரைக்கும் காத்திருந்து, கைபேசியில் அம்மா அனுப்பிய படத்தைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். வில்லையை அவர் பார்க்கவே இல்லை, அந்தத் தோல் துணுக்கைத்தான் பார்த்தார்.

"ஓரத்துல போட்டிருக்காங்க தம்பி. எவ்வளவு மெல்லிசா இருக்கு பாருங்க தோலு."

"எங்க போடணும்ணே?"

என் கையைப் பிடித்து மாட்டின் காதுக்குள் வைத்தார். உள்பக்கம் விரலால் வருடினால் நீளவாக்கில் கயிறு மாதிரிக் குருத்தெலும்பு வரம்புகள் ஓடுகின்றன. அவற்றில் இரண்டுக்கு நடுவே ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. காதை மூன்று பங்காகப் பிரித்தால் நடுப்பங்கில், அந்தப் பள்ளத்தில்தான் குத்த வேண்டும் என்றார். நுனிக்குப் போனால் தோல் மெலிசு, அதோடு தோடு காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும், எதில் பட்டாலும் சிக்கும். தலைக்குப் பக்கமாகப் போனால் காது தடிமன். காம்பின் நீளம் போதாமல் இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும், காற்றுப் புகாது, சீழ் வைக்கும். பிறகு என் கைபேசியின் விளக்கைப் போடச் சொல்லி, காதுக்குப் பின்னால் பிடித்தார். வெளிர்க் காது விளக்கு வெளிச்சத்தில் ஆலிலை மாதிரி தெரிந்தது. நடுவே தடித்த ரத்தக் குழாய், அதிலிருந்து கிளை கிளையாகப் பிரிந்து மெல்லிய கோடுகள், எல்லாம் இளஞ்சிவப்பில். மாடு அசைபோட்டுக்கொண்டே நின்றது. காது மட்டும் என் விரலுக்கு நடுவில் ஒரு முறை சிலிர்த்தது.

"இந்த நரம்புல குத்திட்டா ரத்தம் நிக்காது. அப்புறம் ஈ வரும், புழு வைக்கும். நீங்க தோட்டையே நினைச்சுக்கிட்டு இருக்கீங்க தம்பி, காதைப் பாருங்க" என்றார்.

நான் படித்த பட்டியல்களில் இதெல்லாம் இல்லாமல் இல்லை. எங்கே குத்த வேண்டும் என்று ஒவ்வொரு நிறுவனமும் படம் போட்டுத்தான் வைத்திருக்கிறது. நான் அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டு, எத்தனை கிலோ இழுவையைத் தாங்கும் என்கிற பக்கத்தையே தேடியிருக்கிறேன். அறுந்தே போகாத தோடு வேண்டும் என்று கேட்டேன். அப்படி ஒரு தோடு மாட்டுக்கு எமன். கம்பியில் சிக்கினால் தோடு, காது, கம்பி மூன்றில் ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். தோட்டை இரும்பாக்கினால் காது விட்டுக்கொடுக்கும்.

அதற்குப் பிறகு பட்டியல்களை மறுபடி படித்தபோது வேறு விஷயங்கள் கண்ணில் பட்டன. பெரிய வில்லை தூரத்திலிருந்து தெரியும், ஆனால் செடி கொடியில் சிக்கும். பொத்தான் மாதிரி வட்டமான சின்னத் தோடு காதோடு ஒட்டி நிற்பதால் குறைவாகத்தான் விழும். மின்னணுத் தோடுகள் பெரும்பாலும் அந்த வடிவில்தான் வருகின்றன. வில்லையின் கழுத்துப் பகுதி மெலிதாக வளைந்து கொடுத்தால் முள்ளிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வரும். மூலைகள் மழுங்கி இருக்க வேண்டும். காம்பின் முனை கூராக, துளையைச் சுத்தமாக வெட்ட வேண்டும். மொட்டையாக இருந்தால் தோலை நசுக்கிக் கிழிக்கும், நசுங்கிய புண் ஆற நாளாகும். ஒரு நிறுவனத்தின் தோட்டை இன்னொரு நிறுவனத்தின் இடுக்கியால் போட்டால் காம்பு கோணலாகிப் பாதிதான் பூட்டும். அந்தத் தோடு எப்படியும் விழும். பித்தளைக் கிளிப் தோடு மலிவுதான், ஆனால் மாடு வைத்திருப்பவர் யாருக்கும் நான் அதைச் சொல்ல மாட்டேன். விளிம்பு காதை அறுக்கும், இரண்டடி தள்ளி நின்றால் எண் தெரியாது.

வாங்குகிறவர்களுக்கு உதவும் முத்திரை ஒன்று உண்டு. சர்வதேசக் கால்நடைப் பதிவுக் குழு தோடுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கிறது. அதையும் ஐ.சி.ஏ.ஆர். என்றுதான் சுருக்குவார்கள், நம் ஊர் வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துக்கும் அதே எழுத்துகள்; இரண்டும் வேறு. சான்று இருந்தால் பிளாஸ்டிக்கையும் எண்ணையும் பற்றிக் கவலைப்பட வேண்டாம். காதைப் பற்றிய கவலை அப்படியே இருக்கும்.

இன்னொன்றும் எனக்குப் புரிந்தது. பைத்திய மாடு நோய்க்குப் பிறகு ஐரோப்பாவில் மாட்டின் இரண்டு காதிலும் ஒரே எண்ணைப் போடச் சட்டம் வந்தது. ஒன்று விழுந்தால் மற்றது பேசும். பிரிட்டனில் தோடு தொலைந்தது தெரிந்தால் 28 நாளுக்குள் மறு தோடு போட வேண்டும். விழும் என்று ஒப்புக்கொண்டுதான் அங்கே விதியே எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு காதில் ஒரு தோடு. விழுந்தால் தெரிந்துகொள்ள வேண்டியது ஒரு கிழவி. அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்று நான் நினைப்பது தப்பா? அந்தக் காப்பீட்டுக்காரர்கள்மேல் எனக்கு இருக்கும் வருத்தம் குறையவில்லை. தோல் துணுக்கோடு கிடைத்த வில்லையின் படத்தையும் அனுப்பிக் கேட்டுப் பார்த்தோம். காலம் கடந்துவிட்டது என்றார்கள். கிழிந்த காதும் அதே காதின் தோலோடு அதே எண்ணும் இருக்கும்போது வேறு என்ன அத்தாட்சி வேண்டும் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

கறுப்பி

2023 மே மாதம் விடுப்பில் போனபோது ஒரு கிடாரி வாங்கினோம். கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. முதலில் வேலிக் கம்பியைக் கழற்றினேன். கொட்டிலைச் சுற்றி இரண்டு ஆள் நீளத்துக்கு முள்கம்பி இருந்தது, அதை எடுத்துவிட்டு மூங்கில் கட்டினோம். தொட்டிக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்த பழைய கொக்கி, தண்ணீர்க் குழாயில் சுற்றியிருந்த கம்பி எல்லாம் போயின. மாடு தலையைக் கொண்டுபோகும் உயரத்தில் எதெல்லாம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க நானே குனிந்து கொட்டிலுக்குள் சுற்றி வந்தேன். அம்மா தவிட்டு வாளியோடு நின்று பார்த்தார்.

தோடு போட வந்தவர் அவசரத்தில் இருந்தார், அன்றைக்கு அவருக்கு இன்னும் நிறைய வீடு. "சார், கொஞ்சம் உள்ளே தள்ளி, இந்தப் பள்ளத்துல போடுங்க சார்" என்றேன். முகம் சுளித்தவர், நான் விளக்கைக் காதுக்குப் பின்னால் பிடித்ததும் ஒரு நிமிடம் குனிந்து பார்த்தார். கறுப்புக் காதில் தேக்காவில் தெரிந்த மாதிரி தெரியவில்லை. ஆனாலும் நரம்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார், இடுக்கியை வைத்தார், டக்கென்று ஒரு சத்தம். கிடாரி ஒரு முறை துள்ளி, மூக்கணாங்கயிற்றை இழுத்து, நின்றது. ஒரு சொட்டு ரத்தம்கூட வரவில்லை. வில்லையைப் பிடித்துச் சுற்றிப் பார்த்தேன், தடையில்லாமல் சுற்றியது. காதுக்கும் வில்லைக்கும் நடுவே காற்றுப் போக இடம் இருந்தது. அம்மா பத்து நாளைக்கு வேப்பெண்ணெய் தடவினார். தோட்டின் 12 இலக்கத்தையும் நோட்டில் எழுதி, தோடு தெரிகிற மாதிரி முகத்தைப் படமெடுத்து, விழுந்தால் கூப்பிட வேண்டிய எண்ணைக் கொட்டில் சுவரில் பெரிதாகப் பெயின்ட்டால் எழுதினேன். இன்னொரு காதில் சொந்தத் தோடு போடும் எண்ணத்தை விட்டுவிட்டேன். அந்தக் காதையாவது சும்மா விடலாம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் படம் வரும். பால் கறந்து முடித்ததும் அம்மா எடுப்பார். நான் எண்ணைப் பார்ப்பதற்கு முன் துளையைப் பார்க்கிறேன்: வீக்கம் உண்டா, துளை நீளவாக்கில் இழுபட்டிருக்கிறதா, ஓரம் சிவந்திருக்கிறதா என்று. அப்புறம் நோட்டை எடுத்து இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பேன். போன வாரம் கடைசி இரண்டு இலக்கத்தின் மேல் சேறு அப்பியிருந்தது. தெரியவில்லையே அம்மா என்று சொன்னேன். "இரு" என்றார். கைபேசி ஏதோ திட்டில் வைக்கப்பட்ட சத்தம், மாட்டின் மூச்சு, "ஏய், நில்லுடி" என்கிற அதட்டல். முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி ஒரு படம் அனுப்பினார். அதில் கறுப்பி நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது, 12 இலக்கமும் தெரிந்தன.